ஆமை போகும் திசை

ஜூன் பிறந்ததும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துச் சாலைகளில் ஆமைகள் தென்படத் தொடங்கும். சதுப்புகளிலும் ஏரிகளிலும் குளிர்காலத்தைக் கழித்த பெண் ஆமைகள் முட்டையிட மேட்டுநிலம் தேடிக் கரையேறும் காலம் அது. வெயில் விழ வேண்டும், மண் இளகிக் கொடுக்க வேண்டும். அவற்றின் தேவை அவ்வளவுதான். நெடுஞ்சாலையின் சரளை ஓரம் இரண்டையும் தருவதால் சில ஆமைகள் சாலையோரத்துக்கே வந்து குழி தோண்டுகின்றன. மற்றவை சாலையைக் கடந்து அப்பால் போகப் பார்க்கின்றன. ஆமைப் படம் போட்ட மஞ்சள் எச்சரிக்கைப் பலகைகளை, டொராண்டோவிலிருந்து கோடை விடுமுறைக்கு வடக்கே போகும் தமிழ்க் குடும்பங்களும் பார்த்திருக்கும்.

அப்படி ஓர் ஆமை எதிர்ப்பட்டால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? ஈரி ஏரிக்கரையில் லாங் பாயின்ட் என்னும் இடத்தில் சதுப்பை ஊடறுத்துப் போகிறது ஒரு சாலை. அதில் ஆமை, பாம்பு பொம்மைகளை வைத்து ஆய்வாளர்கள் மறைந்திருந்து கவனித்தார்கள். 2007ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, வண்டியோட்டிகளில் 2.7 சதவீதம் பேர் வேண்டுமென்றே அவற்றின்மேல் ஏற்றினார்கள். வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து காப்பாற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். மிகப் பெரும்பாலோர் இரண்டையும் செய்யவில்லை. போய்க்கொண்டே இருந்தார்கள்.

இறங்கி வந்தவர் செய்தது எவ்வகைச் செயல்? புண்ணியமா? கண்ணில் பட்டதால் ஒரு கணம் எழுந்த இரக்கமா? காட்டுயிரின் வாழ்வில் மனிதன் கைவைப்பது சரியா? ஒன்றைக் காப்பாற்றி என்ன ஆகிவிடப் போகிறது? தார்ச்சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே சமயங்களும் தத்துவங்களும் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டன. அவற்றின் பதில்கள் ஒன்றோடொன்று கடுமையாக மோதிக்கொள்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு உயிரியலே பெருமளவு பதில் சொல்லிவிடுகிறது. ஒன்டாரியோவின் அல்கான்குவின் பூங்காவில் ரான் புரூக்ஸ் என்ற விலங்கியலாளர் 1972ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஸ்நாப்பிங் டர்ட்டில் எனப்படும் பெரிய கடியாமைகளை அவரும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அங்குள்ள பெண் ஆமை முதன்முறை முட்டையிட ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தடவைக்கு 30, 40 முட்டை இடும். ரக்கூனும் நரியும் தோண்டித் தின்றது போக, குளிரில் வீணானது போக, ஆயிரத்தில் ஒரு முட்டைகூட வளர்ந்த ஆமையாவதில்லை. அந்த நஷ்டத்தை ஆமை ஈடுகட்டும் வழி ஒன்றே ஒன்று: நீண்ட நாள் வாழ்ந்து, வருடா வருடம் முட்டையிட்டுக்கொண்டே இருப்பது. 1980களின் பிற்பகுதியில் அங்கே குளிர்கால உறக்கத்தில் இருந்த ஆமைகளை நீர்நாய்கள் பெருமளவில் கொன்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பார்த்தபோதும் அந்த எண்ணிக்கை மீண்டிருக்கவில்லை. முயலும் தவளையும் இழப்பிலிருந்து மீள்வதுபோல் ஆமைக்கூட்டம் மீள்வதில்லை. சாலையில் சாவதோ பெரும்பாலும் முட்டையிடப் புறப்பட்ட வளர்ந்த பெண் ஆமை. அதனால் ஒன்றைக் காப்பாற்றி என்ன ஆகும் என்ற கேள்வி ஆமை விஷயத்தில் பலிக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆமையின் ஓடு 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை உடையது. ஆபத்து என்றால் ஓடாமல் நின்ற இடத்திலேயே ஒடுங்கு என்பது அந்த ஓட்டோடு வந்த அறிவு. புலனடக்கத்துக்கு வள்ளுவரும் கீதையும் உவமையாக எடுத்தது அந்த ஒடுக்கத்தைத்தான். நரியிடமும் பருந்திடமும் காப்பாற்றிய அதே வழக்கம்தான் சாலை நடுவே ஆமையைக் கொல்கிறது. வண்டியின் அதிர்வை உணர்ந்ததும் அது நின்றுவிடுகிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடக்கும். இந்தச் சந்திப்பில் ஆமையின் பக்கம் எந்தப் பிழையும் இல்லை. உலகம் அதைக் கேட்காமல் மாறிவிட்டது.

சரி, இரக்கத்துக்கு வருவோம். கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் நூலில் ஒரு மாடு வருகிறது. புதிதாக வார்த்த மணிக்கு இரத்தம் பூசிச் சடங்கு செய்ய அந்த மாட்டை இழுத்துப் போகிறார்கள். சீ நாட்டு மன்னன் சுவான் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறான். மாடு நடுங்குவதைப் பார்க்கிறான். குற்றமற்ற ஒருவன் கொலைக்களம் போவதுபோல் இருக்கிறது, இதை விட்டுவிடுங்கள் என்கிறான். அப்படியென்றால் சடங்கை நிறுத்திவிடவா என்று கேட்கிறார்கள். வேண்டாம், மாட்டுக்குப் பதில் ஓர் ஆட்டைக் கொடுங்கள் என்கிறான். மாட்டின் விலையை மிச்சப்படுத்தப் பார்க்கிறான் என்று ஊர் பேசியது. மென்சியஸ் அப்படிச் சொல்லவில்லை. அரசே, நீ மாட்டைக் கண்ணால் பார்த்தாய், ஆட்டைப் பார்க்கவில்லை, நடந்தது இதுதான் என்கிறார்.

சாலையில் இறங்கும் மனிதரும் அந்த மன்னனின் நிலையில்தான் இருக்கிறார். அவர் ஒரு மாட்டைப் பார்த்துவிட்டார். அன்று காலை அதே சாலையில், அவர் வருவதற்கு முன்பு, எத்தனை ஆடுகள் போயினவோ. மென்சியஸ் இதற்காக மன்னனைக் கண்டிக்கவில்லை என்பது முக்கியம். அந்த நடுக்கத்தைப் பார்த்து உருகிய மனம்தான் நல்லாட்சிக்கு விதை என்கிறார். ஆனால் விதையோடு நிறுத்திக்கொள்ள அவர் விடவில்லை. விலங்கின்மீது செல்கிற உன் அன்பு ஏன் உன் குடிமக்கள் வரை செல்லவில்லை என்று அதே பேச்சில் மன்னனைப் பிடித்து நிறுத்துகிறார். கண்ணில் பட்டதற்காகக் கசிந்த இரக்கத்தைக் கண்ணில் படாதவை வரைக்கும் நீட்டிக்கொண்டு போக வேண்டும். அதுதான் அவர் மன்னனிடம் கேட்டது.

இதைவிடக் கடுமையான கேள்வியை எழுப்பியவர் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒரு ஜைனத் துறவி. 1760ல் மேவாரில் தேராபந்த் என்ற சுவேதாம்பரப் பிரிவைத் தொடங்கிய ஆசார்ய பிக்ஷு (1726–1803) அவர். கொல்லாமையை ஜைனத்தைப் போல நுணுக்கமாக ஆராய்ந்த சமயம் வேறில்லை. வழியில் எப்படி நடப்பது என்பதற்கே அதில் தனி நியமம் உண்டு. நான்கு முழத் தூரம் முன்னே பார்த்து, சிற்றுயிர் எதுவும் காலடியில் மிதிபடாமல் துறவிகள் நடக்க வேண்டும். வண்டி ஏறக் கூடாது. டெல்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள ஜைனக் கோயில் வளாகத்தில் அடிபட்ட பறவைகளுக்கு மருத்துவமனையே நடக்கிறது. குஜராத்தில் வயதான மாடுகளையும் ஊனமுற்ற விலங்குகளையும் பராமரிக்கும் பாஞ்ச்ராபோல்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அப்படிப்பட்ட மரபுக்குள்ளிருந்தே பிக்ஷு கேட்டார்: ஒரு பிராணியைச் சாவிலிருந்து மீட்பது ஆன்ம தர்மமா?

இல்லை என்பது அவருடைய பதில். அது உலகியல் நன்மை, செய்யலாம், வினையை அறுத்து ஆன்மாவை விடுவிக்கும் தர்மம் ஆகாது. அவர் தரப்பு விளக்கத்தில் ஒரு கசாப்புக்காரர் வருவார். துறவி அவரிடம் பேசுகிறார், அவர் மனம் மாறிக் கத்தியைக் கீழே வைக்கிறார், ஆடுகள் பிழைக்கின்றன. இங்கே தர்மம் நடந்தது எங்கே? கசாப்புக்காரரின் நெஞ்சில். ஆடுகள் பிழைத்தது அதன் உடன்விளைவு. ஆட்டை விலை கொடுத்து வாங்கியோ பிடுங்கிக்கொண்டோ போனால், ஆடு பிழைக்கும், கத்தி கையிலேயே இருக்கும். பூனையிடமிருந்து எலியைக் காப்பாற்றினால் பூனையின் பசிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் இந்த விவாதத்தோடு ஒட்டியே வரும். மற்ற ஜைனர்கள் பிக்ஷுவின் கொள்கையை இரக்கமற்றது என்று வன்மையாக எதிர்த்தார்கள். அந்த விவாதம் நூற்றாண்டுகள் கடந்தும் ஓயவில்லை.

முதலில் கேட்கும்போது இந்த வாதம் மனத்தைச் சுருங்கச் செய்யும். கண்முன்னே சாகப்போகும் உயிரைப் பற்றிப் பேசும்போது எது உயர்ந்த தர்மம், எது தாழ்ந்த தர்மம் என்று பிரித்துக்கொண்டிருப்பதா? ஆமையைத் தூக்கிவிட்டவரிடம் போய், ஐயா, நீங்கள் செய்தது இரண்டாம் தரம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்படிச் சொல்லவும் கூடாது. ஆனாலும் பிக்ஷுவைத் தள்ளிவிட முடியவில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்று பார் என அவர் சொன்னது இந்த விஷயத்தின் நரம்பைத் தொடுகிறது.

பூனை–எலி வாதம் சாலைக்குப் பொருந்தாது. அங்கே பூனை இல்லை. ஆமையை நசுக்கிய கார் அதைத் தின்னவில்லை, அதனால் எதையும் பெறவில்லை. இயற்கையின் போக்கில் கைவைக்கிறோமோ என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. கைவைத்தது சாலை போட்ட அன்றைக்கே நடந்து முடிந்துவிட்டது. மிஞ்சுவது கசாப்புக்காரர் பற்றிய கேள்வி. சாலையில் அவர் யார்? வேண்டுமென்றே ஏற்றும் அந்த 2.7 சதவீதம் பேரா? அவர்களை எல்லாம் மனம் திருப்பிவிட்டாலும் மீதி வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆமைகள் செத்துக்கொண்டுதான் இருக்கும். அந்த வண்டிகளை ஓட்டுகிற எவருக்கும் ஆமையைக் கொல்லும் எண்ணம் கிடையாது.

இதற்கான பதிலை அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு மாணவர் கண்டுபிடித்தார். மாநிலத் தலைநகர் டாலஹாசிக்கு வடக்கே ஜாக்சன் ஏரி இருக்கிறது. ஏறத்தாழ 4,000 ஏக்கர். விசித்திரமான ஏரி அது. அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் இயற்கையான புதைகுழிகள். வறட்சிக் காலத்தில் ஏரி நீர் முழுவதும் அவற்றின் வழியே பூமிக்குள் இறங்கிவிடும். 20, 25 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் இந்த வற்றல் 1999 செப்டம்பரிலும் நடந்தது. ஏரி வற்றினால் ஆமைகள் பக்கத்து நீர்நிலைக்கு நடந்து போகும். எண்ணற்ற தலைமுறைகளாகப் போனது அப்படித்தான். ஆனால் இப்போது ஏரிக்கும் அதன் மேற்குக் கிளையான சின்ன ஜாக்சன் ஏரிக்கும் நடுவே அமெரிக்க நெடுஞ்சாலை 27 நான்கு தடங்களாகக் கிடந்தது. நாளொன்றுக்கு 20,000க்கு மேல் வண்டிகள்.

2000 பிப்ரவரியில் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மேத்யூ அரெஸ்கோ அந்தச் சாலையின் அரைக் கிலோமீட்டர் நீளத்தில் 90 ஆமைகள் செத்துக் கிடப்பதைப் பார்த்தார். அவர் செய்த முதல் வேலை, எல்லா நல்ல மனிதர்களும் செய்வது: உயிரோடு இருந்தவற்றைத் தூக்கி அப்பால் விட்டார். இரண்டாவது வேலை, கட்டுமான இடங்களில் மண் அரிப்பைத் தடுக்கக் கட்டும் துணியை வாங்கிவந்து சாலையோரம் நெடுக வேலியாகக் கட்டியது. ஆமைகள் வேலியில் வந்து முட்டி நிற்கும். அவர் நாள்தோறும் பல முறை வேலியோரம் நடந்து அவற்றை எடுத்து மறுபக்கம் சேர்ப்பார். சாலைக்கு அடியில் ஏற்கெனவே இருந்த வடிகால் குழாய் வழியாகச் சில தாமாகவே கடந்தன.

மூன்றாவது வேலை கணக்கு எழுதியது. வேலி கட்டும் முன் செத்துக் கிடந்த 343 ஆமைகளில் 95 சதவீதம் சாலையில் கால்வைத்த ஓரத்திலேயே அடிபட்டிருந்தன. மீதி முதல் இரண்டு தடங்களைத் தாண்டவில்லை. 1977ன் போக்குவரத்தில் ஓர் ஆமை அந்தச் சாலையை உயிரோடு கடக்கும் வாய்ப்பு 32 சதவீதம் இருந்தது என்றும், 2001ல் அது 2 சதவீதமாகிவிட்டது என்றும் அவர் கணித்தார். வேலிக்கு வந்த 8,475 ஆமைகளில் வேலியைத் தாண்டிச் சாலைக்குப் போனவை 84 மட்டுமே. 2005ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இந்த எண்கள் இருக்கின்றன. பத்தாண்டுக் காலம் மனுக்கள், கூட்டங்கள், கையெழுத்து இயக்கம். 2010ல் சாலையின் இருபுறமும் நிலையான தடுப்புச் சுவரும் அடியில் விலங்குகள் கடக்கச் சுரங்க வழிகளும் கட்டி முடிக்கப்பட்டன.

பிக்ஷுவின் கசாப்புக்காரர் இங்கேதான் அகப்படுகிறார். ஏரியின் கிளையைத் துண்டித்துச் சாலை போடலாம் என்று ஒரு காலத்தில் முடிவெடுத்த பொதுமக்கள், அந்தச் சாலையில் ஓடும் வண்டிகளின் உரிமையாளர்கள், அதைத் திருத்தக் காசு ஒதுக்கவோ மறுக்கவோ கூடிய அவைகள் எல்லாரும் சேர்ந்த உருவம் அது. அந்தக் கூட்டு மனம் மாறினால்தான் கத்தி கீழே இறங்கும். சுரங்க வழி என்பது அந்த மனமாற்றத்தின் கான்கிரீட் வடிவம். ஆகவே பிக்ஷு சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியில் அவரோடு உடன்பட முடியாது. அரெஸ்கோ ஆமைகளைக் கையால் தூக்கியிராவிட்டால், அந்தச் சாவுகளை அவ்வளவு அருகில் பார்த்திருக்க மாட்டார். கணக்கு எழுதியிருக்கவும் மாட்டார். கீழான தர்மம் என்று ஒதுக்கப்பட்ட இரக்கமே மேலான தர்மத்துக்கு வழிகாட்டியது. மேலும், சுரங்க வழிக்குப் பத்தாண்டு ஆகும். சாலை நடுவே நிற்கும் ஆமைக்குச் சில நொடிகள்தான் இருக்கின்றன.

இந்தச் சுரங்க வழிக்கான பணம் 34 லட்சம் டாலர், 2009ல் அமெரிக்கப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த ஒதுக்கிய நிதியிலிருந்து வந்தது. ஒக்லஹோமாவின் செனட்டர் டாம் கோபர்ன் தாம் வெளியிட்ட வீண்செலவுப் பட்டியலில் இதைச் சேர்த்தார். வேலையிழந்து மனிதர்கள் தவிக்கும்போது ஆமைக்குச் சுரங்கமா என்று நாடெங்கும் கேட்டார்கள். மென்சியஸின் கேள்வியேதான் அது. விலங்குக்குப் போகும் அன்பு மனிதனுக்குப் போகவில்லையே என்பதைக் கேலியாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் மென்சியஸ் மாட்டைத் திரும்பக் கொலைக்கு அனுப்பச் சொல்லவில்லை. மாட்டுக்குக் காட்டிய மனத்தை இன்னும் அகலமாக்கச் சொன்னார். நான்கு தட நெடுஞ்சாலையில் ஆமைக்காகத் திடீரென்று திருப்பும் வண்டி மனிதரையும் கொல்லும். அந்தச் சுவர் வண்டியோட்டிகளையும் காக்கிறது.

அரைகுறையாகச் செய்தால் பலன் கிடைக்காது என்பதும் எண்களில் தெரிகிறது. முன்னர் சொன்ன லாங் பாயின்ட் சாலையில் முழுமையாக வேலியிட்ட பகுதிகளில் சாலைக்கு வரும் ஆமைகள் 89 சதவீதம் குறைந்தன. இடையிடையே திறந்துவிட்ட பகுதிகளில் குறைந்தது 6 சதவீதம்தான்.

இனி, தூக்குகிற கை. தூக்குவதிலும் ஓர் அறம் இருக்கிறது. அதைப் பலர் அறியாமலே மீறுகிறார்கள். ஆமை எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அதே திசையில், சாலையின் மறுபக்கத்தில் விட வேண்டும். வந்த பக்கமே திருப்பி விட்டால் அது மறுபடியும் சாலையில் ஏறும். பக்கத்தில் அழகான குளம் ஒன்று இருக்கிறதே, அங்கே சந்தோஷமாக இருக்கட்டும் என்று காரில் வைத்துக் கொண்டுபோவது அதைவிடக் கேடு. அமெரிக்காவின் பாக்ஸ் டர்ட்டில் எனப்படும் பெட்டி ஆமை தன் வாழ்நாள் முழுவதையும் சில ஏக்கர் நிலத்துக்குள் கழிக்கும். வேறிடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலைந்து, அந்த அலைச்சலில் இன்னும் பல சாலைகளைக் கடக்க நேரும். கடியாமையை வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு சேதமாகும். பின்பக்க ஓட்டைப் பிடிக்க வேண்டும், அல்லது காரின் தரைவிரிப்பில் ஏற்றி இழுக்க வேண்டும்.

இவை வெறும் கைமுறைக் குறிப்புகள் என்று தோன்றலாம். ஆனால் இரக்கம் எங்கே தடம் புரளும் என்பதை இவை காட்டுகின்றன. கிழக்காசிய பௌத்தத்தில் உயிர்களை விடுவிக்கும் வழக்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. வற்றிய குளத்தில் தவித்த பத்தாயிரம் மீன்களைக் காப்பாற்றிய ஜலவாஹனன் கதை பொன்னொளி சூத்திரத்தில் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் தியான்தாய் மரபின் ஆசான் ட்ஸீயீ உயிர் விடுவிக்கும் குளங்களை ஏற்படுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் துறவி ட்ஸூஹோங் அந்த வழக்கத்தை நாடெங்கும் பரப்பினார். தொடக்கம் உன்னதமானது. சாகப்போவதை வாங்கி விடுவிப்பது என்று இருந்தது, நாளடைவில் விடுவிப்பதற்கென்றே பிடித்து விற்கும் வியாபாரமாகப் பல ஊர்களில் மாறியது. மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்கு உரிய சிவப்புக் காது ஆமை இன்று சீனாவிலும் தாய்வானிலும் கோயில் குளங்களில் நெருக்கியடித்துக் கிடக்கிறது. உள்ளூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பக்தர் தம் புண்ணியத்தைப் பார்த்தார். ஆமை எந்த நீருக்கு உரியது என்று பார்க்கவில்லை. பாங்காக்கிலும் தைப்பேயிலும் பல பௌத்தத் துறவிகளும் அமைப்புகளும் இந்தக் குறையை எடுத்துச் சொல்லித் திருத்த முயல்கிறார்கள் என்பது நல்ல செய்தி.

போகும் திசையிலேயே விடு என்ற விதி இந்த இடத்தில் ஒரு சமய ஒழுக்கத்தின் கனத்தைப் பெறுகிறது. ஆமைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது. அந்த நோக்கம் என்னவென்று தூக்குபவருக்குத் தெரியாது. தெரியாததை மதித்து, குறுக்கே கிடக்கும் தடையை மட்டும் விலக்கிக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர்களும் ஏன் நிற்காமல் போகிறார்கள்? இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை ஒரு சாலையில்தான் நடக்கிறது: எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கும் வழி. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்துவிட்டு இரண்டு சமயப் பெரியவர்கள் விலகிப் போகிறார்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 1973ல் முடிவு வெளியானது. மாணவர்கள் ஓரிடத்தில் பேச்சு ஒன்று கொடுக்கப் போக வேண்டும். வழியில் ஒருவர் சுருண்டு கிடப்பார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லி அனுப்பியவர்களில் உதவியது 10 சதவீதம். பேச வேண்டிய தலைப்பே நல்ல சமாரியன் கதையாக இருந்தும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இந்த மாணவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவசரம் அவர்களின் கண்ணை மூடிவிட்டது. நெடுஞ்சாலை என்பதோ அவசரத்துக்கென்றே போட்ட தளம். நான்கு முழம் முன்னே பார்த்து நடக்கும் ஜைனத் துறவியின் வேகத்தில் ஆமை தப்பாமல் தெரியும். நம் வேகத்தில் அது ஒரு கல்.

நிற்பது மட்டும் போதாது என்பதற்கு மிகத் துயரமான சாட்சியும் உண்டு. 2010 ஜூனில் கியூபெக்கின் காண்டியாக் அருகே நெடுஞ்சாலையில் ஓர் இளம்பெண் வாத்துக் குஞ்சுகளைப் பார்த்து இரங்கி, இடது தடத்திலேயே காரை நிறுத்தி இறங்கினார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் காரில் மோதியது. ஒரு தந்தையும் அவருடைய பதின்ம வயது மகளும் இறந்தார்கள். 2014ல் நடுவர் குழு அந்தப் பெண்ணைக் குற்றவாளி என்றது. 90 நாள் சிறை, வார இறுதிகளில் கழிக்க. அவருடைய நெஞ்சில் இருந்தது இரக்கம் மட்டுமே என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த வீட்டில் இரண்டு பேர் இல்லாமல் போனதையும் யாராலும் மாற்ற முடியாது. நோக்கம் நல்லது என்பதால் விளைவு மன்னிக்கப்படும் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். பாதுகாப்பாக ஓரம் கட்ட இடமில்லாத சாலையில், இடைவெளி கிடைக்காத போக்குவரத்தில், ஆமையை விட்டுவிட்டுப் போவதுதான் சரியான செயல். செய்யக் கடினமான செயலும் அதுதான்.

அந்தக் கடினத்தை ஒளிக்காமல் பேசியவர் ஆல்பர்ட் ஷ்வைட்சர். 1915 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் ஓகோவே ஆற்றில் நோயாளி ஒருவரைப் பார்க்கப் படகில் போகையில், நீர்யானைக் கூட்டத்துக்கு நடுவே, உயிரின்மீது பயபக்தி என்ற எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர் எழுதினார். மழைக்குப் பின் தெருவில் ஒதுங்கித் துடிக்கும் மண்புழுவை எடுத்துப் புல்லில் விடுவது அவருக்கு அறத்தின் தெளிவான உதாரணம். யாராவது சிரிப்பார்களே என்று அவர் அஞ்சவில்லை. ஆனால் எல்லா உயிரையும் காக்கலாம் என்ற கனவும் அவருக்கு இல்லை. பிடிபட்ட மீன்தின்னிப் பறவைக் குஞ்சு ஒன்றை வாங்கிக் காப்பாற்றிய பிறகு, அதற்காகத் தினமும் எத்தனை மீன்களைக் கொல்ல வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்குப் பார்த்தார். ஒன்றைக் காக்க இன்னொன்றை இழக்கும்போது அதை நியாயம் என்று பெயரிட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ளக் கூடாது, அந்தக் குற்றவுணர்வை வைத்துக்கொண்டே வாழ வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. ஆமையைத் தாண்டிப் போக நேர்ந்தவருக்கு மனம் உறுத்தினால் அது பலவீனம் இல்லை.

உறுத்தலோடு செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. டொராண்டோ உயிரியல் பூங்கா பொதுமக்கள் பார்த்த ஆமைகளை எங்கே, எப்போது என்று பதிவு செய்யும் ஒரு திட்டத்தை நடத்துகிறது. எந்த வளைவில், எந்தப் பாலத்தருகில் ஆமைகள் அதிகம் கடக்கின்றன என்பது அப்படித்தான் தெரியவருகிறது. அடிபட்டுக் கிடக்கும் ஆமையைக்கூட அப்படியே விட்டுவிட வேண்டியதில்லை. ஓடு பிளந்த ஆமை பார்வைக்குச் செத்ததுபோல் இருந்தாலும் பல சமயம் உயிர் இருக்கும். பீட்டர்பரோவில் உள்ள ஒன்டாரியோ ஆமைப் பாதுகாப்பு மையத்துக்குத் தன்னார்வலர்கள் காரில் வைத்து இவற்றைக் கொண்டுவருகிறார்கள். உடைந்த ஓட்டைக் கால்நடை மருத்துவர்கள் கம்பியும் ஒட்டும் பசையும் கொண்டு சேர்க்கிறார்கள். தாயைக் காப்பாற்ற முடியாவிட்டால் வயிற்றிலுள்ள முட்டைகளை எடுத்துக் கருவிகளில் வைத்துப் பொரிக்கச் செய்கிறார்கள். குஞ்சுகளைத் தாய் அடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள சதுப்பிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள்.

இந்த ஆண்டு அங்கே பொரியும் ஒரு பெண் கடியாமைக் குஞ்சு ரக்கூனுக்கும் கொக்குக்கும் தப்பிப் பிழைத்தால், முதல் முட்டையிட அது கரையேற இன்னும் 17, 18 ஆண்டுகள் ஆகும். தாய் அடிபட்ட சாலையில் அதற்குள் வேலியும் சுரங்க வழியும் அமைப்பதா, அமைத்தால் எந்த வளைவில் அமைப்பது என்பதை அந்த ஊராட்சியின் வரவுசெலவுக் கூட்டம்தான் முடிவு செய்யும். அந்தக் கூட்டத்தில் பொதுமக்கள் வந்து பேசலாம்.